வருவோரை நம்பிக் காலம் காத்திருக்குமா?

உலகில் நடைபெறும் வேலைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கேட்டவுடன் செய்யும் வேலை ஒன்று. காலம் வந்தவுடன் செய்யும் வேலை மற்றொன்று. கடைக்காரர் முதல் வகையைச் சேர்ந்தவர். வாடிக்கைக்காரர் வந்து கேட்டால் சாமானை நிறுத்துத் தருவார். வராவிட்டால் சும்மா இருப்பார். அதில் குற்றம் ஒன்றுமில்லை. கோயிலில் மணி அடிப்பவரோ இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். ஆயிரம் பேர் வந்தாலும், ஒருவர்கூட வராவிட்டாலும், வேளை வந்தால் மணி ஒலித்தாக வேண்டும். 'யாராவது வரட்டும், பிறகு அடிக்கலாம்' என்று அவர் உட்கார்ந்துவிட்டால் அது மணியே அன்று.

இந்த வேறுபாட்டைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். முல்லைப்பாட்டிலே, பாசறையில் இருக்கும் மன்னனுக்குப் பொழுதை அளந்து சொல்லும் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். நேரம் சொல்வதற்கென்றே தனியாக ஆட்கள். வாள் பிடிப்பவனிடமோ, வாயில் காப்போனிடமோ அந்த வேலையைச் சேர்த்துக் கொடுத்துவிடவில்லை. வள்ளுவரும் காலம் அறிவதற்கென்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார்.

நான் இங்கே இலக்கியம் பேச வரவில்லை. நம்மில் பலர் இன்று எழுதிக்கொண்டிருக்கும் இணையச் செயலிகளைப் பற்றியே பேச வந்தேன். சங்கத்தின் தளம், துறையின் தளம், விடுதி உணவுக் கணக்கு, நூல் இரவல் பதிவு என்று மாணவர் கையால் எழுந்த செயலிகள் நம் வளாகத்திலே பல இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டவை. மலிவான ஹோஸ்டிங்கில் எங்கும் கிடைக்கும் மொழி அது. அச்செயலிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டு வருகிறது. கேட்டதும் செய்யும் வேலையை நாம் நன்றாகவே எழுதுகிறோம். காலம் வந்ததும் செய்ய வேண்டிய வேலையை மட்டும் அநாதையாக விட்டுவிடுகிறோம். இது வெறும் நுட்பக் குறை அன்று; பொறுப்பில் உள்ள குறை என்பதே என் கருத்து.

பந்தி இலையும் பி.எச்.பி.யும்

குறையின் வேரை அறிய அம்மொழியின் இயல்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-ல் தம் சொந்த இணையப் பக்கத்திற்காக எழுதத் தொடங்கி, 1995-ல் பொதுவில் வெளியிட்ட கருவியே பிற்காலத்தில் பி.எச்.பி. ஆயிற்று. பக்கத்தை ஒருவர் கேட்கிறார், நிரல் விழிக்கிறது, பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது, உடனே மடிகிறது. கல்யாணப் பந்தியிலே வந்து அமர்பவருக்கு வாழை இலை போடுவதைப் போன்றது இது. ஒவ்வொருவருக்கும் புதிய இலை. உண்டு எழுந்ததும் இலை எடுக்கப்படும். முந்திய பந்தியில் யார் என்ன உண்டார் என்பது அடுத்த இலைக்குத் தெரியாது.

இந்த இயல்பு பி.எச்.பி.க்குப் பெரிய நன்மை. ஒரு கோரிக்கையில் நேர்ந்த பிழை அடுத்த கோரிக்கையைத் தொடுவதில்லை. நினைவகம் கசிந்தாலும் அந்த இலையோடு போய்விடுகிறது. ஆனால் இதே இயல்பிலிருந்து ஒரு கேள்வியும் பிறக்கிறது. யாருமே பக்கத்தைக் கேட்காத இரவு மூன்று மணிக்கு விழித்திருப்பது யார்? இலையே விரிக்கப்படாதபோது பரிமாறுவது எங்ஙனம்?

எந்தச் செயலிக்கும் அப்படிப்பட்ட வேலைகள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. நினைவூட்டும் மின்னஞ்சல், காலங்கடந்த பதிவுகளை நீக்குதல், இரவல் போன நூலுக்குத் தாமதக் கணக்கு, விண்ணப்பம் மூடும் நேரம், தரவுத்தளத்தின் அன்றாடப் படி ஆகிய இவையெல்லாம் ஒருவர் வந்து பொத்தானை அழுத்துவதற்காகக் காத்திருக்க இயலாதவை.

ஏழையின் உபாயம்

இதற்கு எளிய உபாயம் ஒன்றைச் சிலர் கண்டனர். வருகிறவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது என்பதே அந்த உபாயம். ஒருவர் பக்கத்தைக் கேட்க வரும்போது, 'காலம் கடந்த வேலை ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா?' என்று பார்ப்பது. இருந்தால் அப்போது செய்வது. 2007-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 2.1 முதல் அதன் காலப் பணிகள் இவ்வாறே நடைபெறுகின்றன. ட்ருப்பலில் இதற்கென எழுந்த தனிக்கூறு ஒன்றுக்கு 'ஏழையின் கிரான்' என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். 2011-ல் வந்த ஏழாம் பதிப்பில் அது மூலச் செயலிக்குள்ளேயே இடம் பெற்றது.

இதைச் செய்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். சர்வரில் ஒரு வரிகூட எழுதும் உரிமையில்லாத எளியவரும் தளம் நடத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்தது. நாளெல்லாம் ஆள் நடமாட்டம் உள்ள தளத்தில் இது ஓரளவு ஒழுங்காகவும் நடக்கும். ஆனால் மாணவர் தளங்களின் நிலை என்ன? தேர்வு முடிந்ததும் வளாகம் வெறிச்சோடுவது போலத் தளமும் வெறிச்சோடும். விடியற்காலையில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்நேரத்தில் செய்ய வேண்டிய பணி என்ன ஆகும்? விருந்தாளி வாசலில் வந்து நின்ற பிறகு இட்லிக்கு அரிசி ஊறப்போட்ட கதைதான் ஆகும்.

வருகை மிகுந்த தளத்திலும் இந்த உபாயம் எப்போதும் கைகொடுக்காது. வேகத்திற்காகப் பக்கங்களை முன்பே ஆக்கி வைத்து, அந்தப் படியையே எல்லார்க்கும் கொடுக்கும் ஏற்பாடு இன்று பரவலாக இருக்கிறது. அப்போது ஆயிரம் பேர் வந்தாலும் பி.எச்.பி. விழிப்பதே இல்லை, விழிக்காதபோது நிலுவை வேலையைப் பார்ப்பதும் இல்லை. மற்றொன்று: இணையக் கோரிக்கையாக ஓடும் நிரலுக்கு இயல்பாக உள்ள கால வரம்பு 30 வினாடி. அதன் மேல் வெப் சர்வரின் வரம்புகளும் உண்டு. நீண்ட பணி நடுவழியில் அறுபட்டு நிற்கும். கட்டளை வரியிலிருந்து ஓடும் பி.எச்.பி.க்கோ இயல்பில் அந்த வரம்பே கிடையாது.

பொங்கல் இரயில்

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கும் நண்பர்களுக்கு, நம் எல்லார்க்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு ஊர் போக வேண்டும். 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து இரயில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள் முன்பே தொடங்கும் என்று விதி மாறியது. அதற்கு முன் அது 120 நாள். ஜனவரி 12-ல் புறப்பட வேண்டுமானால் நவம்பர் 13 காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். எட்டு மணிக்கு உட்கார்ந்தவருக்கு இடம் கிடைக்கலாம். பத்து மணிக்கு உட்கார்ந்தவருக்குக் காத்திருப்போர் பட்டியலே கிடைக்கும். இதை நான் விளக்கத் தேவையில்லை. பொங்கல் அன்று விடுதி அறையில் கிடந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

நான் அறிந்த ஒரு மாணவர் அமைப்பு, உறுப்பினர்க்கு அந்நாளில் காலை ஏழு மணிக்கு நினைவூட்டும் மின்னஞ்சல் அனுப்பத் தன் தளத்திலே ஏற்பாடு செய்திருந்தது. நல்ல தொண்டு. மின்னஞ்சல் அழகாக எழுதப்பட்டிருந்தது. பெயர்ப் பட்டியல் சரியாக இருந்தது. நேரமும் ஏழு மணி என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தளம் வருகிறவரை நம்பிய தளம். ஏழு மணிக்கு யாரும் வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. ஒன்பதரைக்கு மேல் எவரோ ஒருவர் வேறு எதையோ தேடித் தளத்திற்குள் நுழைந்தார். அந்தக் கணமே, 'இன்னும் ஒரு மணி நேரத்தில் முன்பதிவு திறக்கிறது, ஆயத்தமாக இருங்கள்' என்ற மின்னஞ்சல் எல்லார்க்கும் பறந்தது. அதை நம்பியிருந்த முதலாண்டு மாணவர் சிலருக்கு அவ்வாண்டு இருக்கை கிடைக்கவில்லை.

நிரலில் பிழை உண்டா? இல்லை. வேலை நடந்ததா? நடந்தது. ஆயினும் பயன் என்ன? காலம் தவறிய உதவி, உதவாமையினும் கொடியது. உதவி இல்லை என்று முன்பே தெரிந்திருந்தால் அம்மாணவர்கள் தாமே நாள்காட்டியில் குறித்து வைத்திருப்பார்கள் அல்லவா?

நாழிகைக் கணக்கன் ஏற்கெனவே இருக்கிறான்

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு 1979-ல் வெளிவந்தபோதே கிரான் என்னும் நாழிகைக் கணக்கன் அதனுள் இருந்தான். 1987-ல் பால் விக்ஸி எழுதி வெளியிட்ட கிரான், பின்னர் லினக்ஸ் பொறிகளில் பரவலாக வேரூன்றியது. நிமிடத்திற்கு ஒரு முறை அவன் விழிக்கிறான், தன் பட்டியலைப் பார்க்கிறான், வேளை வந்த வேலையைத் தொடங்கி வைக்கிறான், மறுபடி கண்ணயர்கிறான். தளத்திற்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பது அவனுக்குத் தேவையே இல்லை.

அவனுடைய பட்டியலில் ஒரு வேலைக்கு ஒரு வரி. வரியின் முன்னே ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை. எந்தக் கட்டத்தில் உடுக்குறி இருக்கிறதோ, அங்கே 'எதுவாயினும் சரி' என்று பொருள். ஆகவே 0 7 * * * என்றால் நாள்தோறும் காலை ஏழு மணி. பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எளியது போலத் தோன்றும் எதிலும் சில முட்கள் இருக்கும். மாத நாளையும் கிழமையையும் ஒரே வரியில் குறித்தால், இரண்டும் பொருந்தும் நாள் என்று நாம் எண்ணுவோம். கிரானோ இரண்டில் ஒன்று பொருந்தினாலே வேலையைத் தொடங்கிவிடுவான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை என்று எண்ணி, 1 முதல் 7 வரையுள்ள நாட்களையும் திங்களையும் சேர்த்து எழுதினால், முதல் ஏழு நாளும் ஓடும். அதன்பின் வரும் ஒவ்வொரு திங்களும் ஓடும். கிழமையை மட்டும் வரியில் எழுதி, நாளைப் பி.எச்.பி. நிரலுக்குள்ளே சோதிப்பதே வழி.

கிரான் தொடங்கும் நிரல், நாம் விசைப்பலகை முன் அமர்ந்து ஓட்டும் நிரலைப் போன்ற சூழலில் ஓடுவதில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். நம் கோப்புறையில் அவன் நிற்பதில்லை. நம் வசதிக்காக அமைத்த தேடு பாதைகளும் அவனுக்குத் தெரியா. 'என் கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை' என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு மருந்து ஒன்றுதான். பி.எச்.பி. இருக்கும் இடத்தையும் நிரல் இருக்கும் இடத்தையும் முழு முகவரியாக எழுதுங்கள்.

ஐந்தரை மணி நேர ஏமாற்றம்

இந்தியாவில் இருக்கும் நமக்கென்றே தனியாக ஒரு பள்ளம் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நம் நேரம் உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணி முந்தியது. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்திலேயே ஓடுகின்றன. அங்கே காலை ஏழு என்று எழுதினால் நமக்குப் பகல் பன்னிரண்டரைக்கு வேலை நடக்கும். பொங்கல் இரயில் போயே போய்விடும்! ஏழு மணிக்கு நடக்க வேண்டுமானால் அங்கே 1.30 என்று எழுத வேண்டும்.

இதுவாவது கழித்துப் பார்த்தால் தீரும். மாத முதல் நாள் நள்ளிரவில் விடுதிக் கணக்கை முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் முதல் தேதி நள்ளிரவு என்பது அங்கே முந்திய மாதக் கடைசி நாள் மாலை 6.30. கடைசி நாள் எது? 28 ஆகலாம், 29 ஆகலாம், 30 ஆகலாம், 31 ஆகலாம். 'மாதக் கடைசி' என்று சொல்லக் கிரானின் ஐந்து கட்டங்களில் வழியே கிடையாது. ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். சர்வரின் நேரத்தையே இந்திய நேரமாக அமைத்துக்கொள்வது ஒன்று. நாள்தோறும் 6.30க்கு ஓட்டி, 'இந்திய நேரப்படி இன்று முதல் தேதிதானா?' என்று நிரலைக் கேட்கச் செய்து, இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடச் செய்வது மற்றொன்று. கிரான் பார்ப்பது பொறியின் நேரம், பி.எச்.பி. பார்ப்பது தன் அமைப்புக் கோப்பில் உள்ள நேரம். இரண்டும் வேறு வேறு. இரண்டையும் பார்த்து ஒன்றாக்காமல் எழுதப்படும் காலப் பணி மணல் மேல் கட்டிய வீடு.

நம் நாட்டில் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளும் வழக்கம் இல்லாதது ஒரு பெரும் பேறு. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு இரவு இரண்டு மணி ஆனதும் கடிகாரம் மூன்றுக்குத் தாவுகிறது. அன்று இரண்டரை மணி என்ற நேரமே இல்லை. நவம்பர் முதல் ஞாயிறு அன்று ஒன்றரை மணி இரு முறை வருகிறது. வெளிநாட்டுச் சர்வரில் இடம் பிடித்து, அதன் உள்ளூர் நேரத்திலேயே பணி குறிக்கும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுப்புரைகள்

நான் இவ்வாறு கூறும்போது நண்பர்கள் சில மறுப்புகளை எழுப்புவதுண்டு. அவற்றுக்கு விடை கூறுவது கடமை.

'சிறிய தளம்தானே, எதற்கு இவ்வளவு ஆடம்பரம்?' என்பது முதல் மறுப்பு. சிறிய தளத்திற்கே இது மிகவும் தேவை என்பேன். பெரிய தளத்தில் வருகை ஓயாது. ஆகையால் ஏழையின் உபாயம்கூட அங்கே ஒப்பேறும். ஆள் வராத சிறிய தளத்தில்தான் அது படுத்துவிடும். தவிர, ஒரு வரி எழுதுவது எப்படி ஆடம்பரம் ஆகும்?

'எங்கள் ஹோஸ்டிங்கில் கிரானுக்கு வழியில்லை' என்பது இரண்டாவது. முதலில் நன்றாகத் தேடிப் பாருங்கள். சிபேனல் உள்ள இடங்களில் அதற்கென்றே ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்கும். உண்மையிலேயே இல்லையென்றால், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் துறைப் பொறி ஒன்றிலிருந்து, ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை தளத்தின் தனி முகவரி ஒன்றை அழைக்கச் செய்யலாம். ஆனால் அந்த முகவரிக்கு இரகசியச் சாவி இருக்க வேண்டும். பூட்டில்லாத கதவாக அதை விட்டுவைத்தால், தேடுபொறிகளின் ஒற்றர்களும் வேலையற்ற குறும்பர்களும் நினைத்தபோதெல்லாம் அதைத் தட்டுவார்கள்; உறுப்பினர்க்கு மின்னஞ்சல் மழை பொழியும். கட்டளை வரி கிடைக்கும் இடத்தில் இந்த முகவரி வேலையே வேண்டாம்.

'பி.எச்.பி.யே பழைய மொழி. அதை விட்டொழித்தால் தீர்ந்தது' என்பது மூன்றாவது. இந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. இடைவிடாது உயிரோடு இருக்கும் செயலியை எழுத வசதியான மொழிகள் உண்டு என்பது மெய்யே. அங்கே செயலிக்குள்ளேயே கடிகாரம் வைக்கலாம். ஆனால் செயலி விழுந்தால் கடிகாரமும் விழும். வருகை மிகுந்து அதே செயலியை இரண்டு பிரதியாக ஓட்டினால், கடிகாரமும் இரண்டாகும். வேலையும் இரு முறை நடக்கும். மொழியை மாற்றினால் நோய் வேறு உருவெடுக்குமேயன்றி நீங்காது. காலப் பணியைத் தனிப் பொறுப்பாகக் கருதும் மனப்பான்மையே மருந்து.

பி.எச்.பி. உலகமும் இதை உணர்ந்து நெடுந்தூரம் வந்துவிட்டது. 2015-ல் வெளிவந்த லாராவெல் 5, காலப் பணிகளையெல்லாம் செயலியின் நிரலிலேயே எழுதி வைத்து, கிரானில் நிமிடத்திற்கு ஒரு முறை ஓடும் ஒரே வரியை மட்டும் இடும் முறையைக் கொண்டுவந்தது. சிம்ஃபனியும் 2023-ல் 6.3 பதிப்பில் அதற்கென ஒரு கூறு சேர்த்தது. நம்மில் பலர் பாடங்களுக்குப் பயன்படுத்தும் மூடுல் பி.எச்.பி.யில் எழுதப்பட்டதே. அதன் கிரானை நிமிடத்திற்கு ஒரு முறை ஓட்ட வேண்டும் என்பதே அதை உருவாக்கியவர்கள் கூறும் அறிவுரை. அது நின்றால் மன்ற அஞ்சல்கள் நின்றுபோகும். வேர்ட்பிரஸில்கூட வருகையை நம்பும் வழக்கத்தை ஒரே வரியால் நிறுத்திவிட்டு, வேலையை உண்மையான கிரானிடம் ஒப்படைக்கலாம். வழி இருக்கிறது; நடக்க மனம்தான் வேண்டும்.

இரு முறை நடந்தால்?

கிரானிடம் ஒப்படைத்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அவன் நேரம் சொல்பவன். வேலை முடிந்ததா என்று கேட்பவன் அல்லன். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை தொடங்கும் பணி முடிய எட்டு நிமிடம் ஆனால், முதல் ஆள் உள்ளே இருக்கும்போதே இரண்டாம் ஆளையும் அனுப்பி வைப்பான். இருவரும் ஒரே பட்டியலைப் பார்த்து ஒரே மின்னஞ்சலை அனுப்புவார்கள். ஆகவே உள்ளே நுழைபவர் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. 'நான் இருக்கிறேன்' என்று ஒரு கோப்பை வெறுமனே உண்டாக்கி வைத்தால், நிரல் நடுவில் விழுந்துவிட்டபின் கோப்பு மட்டும் நிற்கும். மறுபடி யாருமே நுழைய முடியாது. இயங்குதளமே தரும் கோப்புப் பூட்டைப் பயன்படுத்தினால், நிரல் மடிந்த கணமே பூட்டும் தானே திறந்துகொள்ளும்.

பூட்டு இருந்தாலும், பணி பாதியில் நின்று மீண்டும் தொடங்கும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். முந்நூறு பேருக்கு அனுப்ப வேண்டியதில் நூற்றைம்பதாவது ஆளோடு மின்சாரம் நின்றது. மறுபடி ஓடும்போது முதல் ஆளிலிருந்து தொடங்கலாமா? கூடாது. ஆளுக்கு ஆள், 'இவருக்கு அனுப்பியாயிற்று' என்று தரவுத்தளத்தில் குறிக்க வேண்டும். நினைவூட்டல் இரு முறை போனால் தொல்லை, போகாவிட்டால் இழப்பு. உணவுக் கட்டணம் இரு முறை பிடிக்கப்பட்டாலோ அநீதி. எந்தப் பணியில் மிகை பொறுக்கத்தக்கது, எந்தப் பணியில் பொறுக்கத்தகாதது என்பதை முன்பே எண்ணி எழுத வேண்டும். இதைச் சிந்திக்காதவர் காலப் பணி எழுதத் தொடங்காதிருப்பதே நல்லது.

யாவற்றுக்கும் மேலாக ஒன்று. இணையப் பக்கம் உடைந்தால் பார்த்தவர் உடனே கூச்சலிடுவார். காலப் பணி நின்றால் யார் கூச்சலிடுவார்? வராத மின்னஞ்சலைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை. வர வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது. பணியின் வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் குப்பைக் குழியில் கொட்டும் ஒரு வால் பகுதியை, கிரான் வரியின் முடிவில் ஒட்டிவிடும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அது, காவலாளியின் வாயைக் கட்டிவிட்டு அவனைக் காவலுக்கு நிறுத்துவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு பணியும் முடிந்த நேரத்தைத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும். குறித்த நேரத்திற்குப் பிறகும் அப்பதிவு புதுப்பிக்கப்படவில்லையென்றால், வேறொரு பொறியிலிருந்து எச்சரிக்கை வர வேண்டும். பேச்சை மட்டும் கேட்டால் போதாது. மௌனத்தையும் கேட்கப் பழக வேண்டும்.

அண்ணன்மார் சென்ற பின்

இறுதியாக, மாணவர்களாகிய நமக்கே உரிய ஓர் இடர்ப்பாடு. நாம் நிலையாக இருப்பவர்கள் அல்லோம். இரண்டாண்டு, நான்காண்டு, ஆய்வாளராயின் இன்னும் சிலவாண்டு, அதன்பின் போய்விடுவோம். கிரான் பட்டியலோ ஒருவருடைய கணக்கின் பெயரில் இருப்பது. பட்டம் பெற்ற அண்ணனின் கணக்கு மூடப்படும் நாளில் அவர் எழுதிய காலப் பணிகளும் ஓசையின்றி மடிகின்றன. அவர் இருந்தபோது ஒழுங்காக நடந்தமையால், அப்படி ஒன்று இருந்ததே அடுத்த அணிக்குத் தெரியாது. மற்றொரு வேடிக்கையும் உண்டு. பட்டியலைத் திருத்தும் கட்டளைக்குரிய எழுத்தும், பட்டியலை அடியோடு அழிக்கும் கட்டளைக்குரிய எழுத்தும் விசைப்பலகையில் அடுத்தடுத்து இருக்கின்றன. விரல் சற்று வழுக்கினால் பட்டியல் முழுதும் போகும், 'அழிக்கட்டுமா?' என்ற கேள்விகூட இயல்பில் எழாது. எங்கும் படி எடுத்து வைக்காதவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆதலால் நம் சங்கத்தின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். நம் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு தளத்திற்கும் காலப் பணிப் பட்டியல் ஒன்று எழுதப்பட வேண்டும். என்ன பணி, எந்த நேரம், எந்த நாட்டு நேரம், நின்றால் யாருக்கு இழப்பு, யார் பொறுப்பு என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கிரான் வரிகளும் மற்ற நிரலோடு சேர்த்தே பாதுகாக்கப்பட வேண்டும். அவை தனியொருவர் கணக்கில் அல்லாமல், சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கில் ஓட வேண்டும். ஆண்டுதோறும் புதிய செயலாளர் பொறுப்பேற்கும்போது, வரவு செலவுக் கணக்கோடு இந்தப் பட்டியலும் கைமாற வேண்டும். மூத்தவர் ஒருவர் அருகிருந்து, ஒவ்வொரு பணியையும் ஒரு முறை ஓட்டிக் காட்ட வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு மாலைப் பொழுது போதும்.

நிரல் எழுதுவோரைப் பாராட்டும்போது நாம் கண்ணுக்குத் தெரியும் பக்கங்களையே பார்க்கிறோம். நிறம் நன்று, எழுத்து நன்று, வேகம் நன்று என்கிறோம். ஆனால் ஊரெல்லாம் உறங்கும்போது, ஒருவரும் பார்க்காத நேரத்தில், சொன்ன வேளைக்குச் சொன்ன வேலையைச் செய்து முடிக்கும் அந்த ஒரு வரிக்குப் பாராட்டு கிடையாது. வேண்டாம். அந்த வரி இருந்தால் போதும். வரும் நவம்பரில் முன்பதிவு திறக்கும் நாளில், எட்டு மணிக்கு முன்பே நம் புதிய மாணவர் அனைவர் கையிலும் அந்த நினைவூட்டல் இருக்குமாறு செய்வோம். பொங்கலுக்கு அவர்கள் வீடு போய்ச் சேரட்டும்.